பொன்னுசாமியின் முதல் திருவிருந்து

கமிட்டிக் கூட்டம் என்றாலே எனக்குப் பிடிக்காது. பதினெட்டு வருஷமாக ஆயராக இருக்கிறேன், இன்னும் பழகவில்லை. அன்று எங்கள் பீர்க்கன்கரணை சபையின் செயலாளர் டேனியல், பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஆயரே, திருவிருந்து ரசத்துக்கு ஆளுக்கு ஒரு சின்ன கப் வெச்சிடலாமே. ஹைஜீன் பாருங்க."

கொரோனா சமயத்தில் வாங்கிய கப்புகள் அவை. தொற்று அடங்கியதும், "ஒரே பாத்திரத்துல குடிச்சாத்தான் திருவிருந்து" என்று அவற்றைப் பரணில் ஏற்றச் சொன்னவரும் இதே டேனியல்தான். இப்போது திடீரென்று ஹைஜீன் எங்கிருந்து வந்தது என்று அங்கிருந்த ஒன்பது பேருக்கும் தெரியும்.

காரணம் பொன்னுசாமி. பெருங்களத்தூர் அபார்ட்மென்ட்களில் செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரியில் அவனுக்கு வேலை. மனைவி செல்வமேரி எங்கள் சபைக்காரி. பத்து வருஷம் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றவன், போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தான். போன மாதம் பேராயர் தலையில் கைவைத்துத் திடப்படுத்தி, திருவிருந்துக்கு அனுமதித்தார். வருகிற ஞாயிறு முதல்முறையாகப் பாத்திரத்தில் பங்கெடுக்கப் போகிறான். டேனியல் குடியிருப்பில் டேங்க் நிரம்பினாலும் அவன்தான் வர வேண்டும்.

"பொன்னுசாமி வாய் வெச்சதுல நீங்க வாய் வைக்கணுமேன்னு அருவருப்பா இருக்கு. நேரா சொல்லுங்க சார்," என்றேன்.

"சே சே, அப்படியெல்லாம் இல்ல. வயசானவங்க, சுகர் பேஷண்ட் எல்லாம் இருக்காங்க..."

"உங்க வீட்டு நாத்தத்தை அவன் அள்ளணும். அவன் எச்சில் மட்டும் உங்களுக்கு ஆகாது. வெக்கமா இல்ல?"

கப்பும் கிடையாது கிப்பும் கிடையாது என்று கத்திவிட்டு எழுந்து வந்தேன். சபை எனக்குக் கொடுத்திருந்த குருமனைக்கு வந்து கதவை அடித்துச் சாத்தினேன். இந்த ஜென்மங்களுக்கா இத்தனை வருஷம் தொண்டை வற்றப் பிரசங்கம் பண்ணினேன் என்று ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு வந்தது. பீடத்துக் கிராதிக்கு முன்னால் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர் முழங்காலிடலாம். வழக்கமாக "நீங்க போங்க, நீங்க போங்க" என்று உபசாரம் பண்ணுகிற கூட்டம், அன்று ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்ததுபோல் முண்டியடித்தது. டேனியல் குடும்பம் முதல் வரிசை. கடைசியில் பொன்னுசாமியும் செல்வமேரியும் மட்டும் மிச்சம்.

அத்தனை நீளக் கிராதியில் இரண்டே பேர். அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், சோப்பு வாசத்தோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பாத்திரத்தை நீட்டினேன். உதடு நனைகிற அளவுதான் குடித்தான். வழக்கப்படி விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, செல்வமேரிக்குக் கொடுத்தேன். மீந்த ரசத்தை ஆயர்தான் குடித்து முடிக்க வேண்டும். அதையும் செய்தேன். டேனியல் பார்க்கட்டும் என்றுதான் நிமிர்ந்து நின்று குடித்தேன்.

ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில் அங்கியைக் கழற்றும்போது செல்வமேரி வாசலில் வந்து நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எங்களுக்காக கமிட்டில சண்ட போட்டீங்களாமே ஐயா. அவருக்கு ரொம்ப சந்தோசம். கண்ண மூடிகினு இருந்தாரு, ஒண்ணும் பாக்கல."

"எதைப் பாக்கல?"

"எல்லாருக்கும் பாத்திரத்த ஒரு தபா தொடச்சீங்க. அவரு குடிச்சதும் மூணு தபா. அழுத்தி அழுத்தித் தொடச்சீங்க."

எனக்கு நினைவே இல்லை. "அப்படியாம்மா? அடுத்துக் குடிக்கிறவங்களுக்குச் சுத்தமா இருக்கணும்னு..."

"அடுத்துக் குடிச்சது நானு. அவரு எம் புருசன்." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு அப்பால குடிச்சது நீங்க மட்டும்தான் ஐயா."

கழற்றிய அங்கியை மடிக்க ஆரம்பித்தேன்.

"அவரான்ட நான் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க," என்றுவிட்டுப் படியிறங்கினாள்.

வெளியே பொன்னுசாமி பைக்கில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவசரமாக இறங்கி, இரண்டு கையையும் கூப்பினான். தூ, நானும் டேனியலும் ஒரே சபைதான்.