காற்று மாப்பிள்ளையின் முறுக்கு

எங்கள் படகின் பாயை, கிழக்கே போகும் ஒரு காற்றுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பினோம். பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். விவரமானவர்கள் நாலு இடத்தில் விசாரித்துக் கொடுப்பார்கள். குற்றாலிங்கம் அத்தான் முதலில் வீசிய காற்றுக்கே தலையாட்டிவிட்டார்.

படகில் அத்தான், என் அக்கா செண்பகம், நான் என மூன்று பேர். மாற்றி மாற்றிச் சுக்கான் பிடிப்போம். கடல்நீரில்தான் குளியல், காயப்போட்ட சேலை உப்பேறி அப்பளமாக விறைத்துக்கொள்ளும். உப்புமா செய்யும்போது நான் ஒரு கையால் சட்டியையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொள்வேன். அக்கா கிண்டுவாள்.

மாப்பிள்ளை முதலில் ஒழுங்காகத்தான் வீசினார். நடுக்கடலுக்கு வந்ததும் முறுக்கிக்கொண்டார். பெண் வீட்டார் திரும்பிப்போக முடியாத இடம் பார்த்துத்தான் இவர்களுக்கு முறுக்கு வரும். பாய் துவண்டு தொங்க, படகு நின்றுவிட்டது. என்ன குறை என்று அவர் வாய் திறக்கவில்லை.

“காலு கழுவி விடலல்லா, அதான்,” என்றார் அத்தான்.

காற்றின் கால் பாய்மரத்தின் அடியில் இருக்கும். அத்தான் அங்கே தாம்பாளத்தை வைத்து, குடிதண்ணீரை ஊற்றிக் கழுவினார்.

“சுத்திக் கடலாக் கெடக்கே. அதுல ஒரு வாளி மொண்டு ஊத்துங்களேன்,” என்றேன்.

“உப்புத் தண்ணியிலயா? மாப்பிள்ளை நம்மள என்ன நெனைப்பாக?”

மாப்பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டார். படகு ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றது. அத்தானுக்கு வாயெல்லாம் பல். சாயங்காலமும் கழுவினார், இன்னொரு முழம் கிடைத்தது. இந்த வேகத்தில் போர்ட் பிளேர் போய்ச்சேர, வங்காள விரிகுடா முழுக்கக் குடிதண்ணீராக இருந்தாலும் காணாது. இன்ஜினைப் போடச் சொன்னேன். மாப்பிள்ளை இருக்கும்போது வேற்று ஆளை வேலைக்கு விட்டால் சம்பந்தமே முறிந்துவிடும் என்று அத்தான் மறுத்துவிட்டார்.

தண்ணீர் கேன்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அக்காவின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. செத்துப்போவோம் என்று எனக்குப் பயமாக இருந்தது. அத்தானுக்கும் பயம்தான், மாப்பிள்ளை கோபித்துக்கொள்வாரே என்ற பயம். கடைசியில் ஒரே ஒரு செம்புத் தண்ணீர் மிஞ்சியது. அவர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நான் செம்பைப் பிடுங்கிப் பாதியை அக்கா வாயில் ஊற்றினேன். மீதியை மாப்பிள்ளை கண்ணெதிரே நான் குடித்தேன்.

“ஏட்டி கோமு, காரியத்தக் கெடுத்திட்டியே!” என்று அத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை ஆண்பிள்ளைதானே, நேரே அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

சம்பந்தியம்மா தெற்கிலிருந்து வந்தார். கறுத்துக் கனத்த மேகம். வந்ததும் வராததுமாக எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டத் தொடங்கினார். திட்டு அத்தனையும் மழையாகக் கொட்டியது. அக்கா ஒரு வாய் பிடித்துக் குடித்துவிட்டு, வாளி, சட்டி, தாம்பாளம் எல்லாவற்றையும் பரப்பினாள். பிறகு இடுப்பில் கைவைத்து, பாயைக் காட்டி அண்ணாந்து கேட்டாள்: “எங்க பிள்ளைக்கு ஒரு பொட்டுத் தங்கம் போட்டியளா?”

மழை வலுத்தது.

“உங்க மகனுக்கு ஒழுங்கா ஊதவே தெரியல,” என்றேன் நான்.

மழை வானத்தைப் பிளந்துகொண்டு ஊற்றியது. நாங்கள் நிரப்பி நிரப்பிக் கேனில் ஊற்றினோம். நடுவில் அத்தான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். உடனே தூறலாகக் குறைந்தது. அக்கா முந்தானையால் அவர் வாயைப் பொத்தினாள்.

எல்லாக் கேனும் நிரம்பிய பிறகு சம்பந்தியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மகன் பக்கம் திரும்பி, “போடா, போய் வேலயப் பாரு,” என்றார். அந்தச் சொல்லுக்கே பாய் புடைத்தது, படகு சீறிக்கொண்டு கிளம்பியது. இதற்கா இத்தனை தண்ணீரையும் கொட்டினோம் என்று எனக்கு வயிறு எரிந்தது.

தானும் போர்ட் பிளேர் வரை கூட வருவதாகச் சம்பந்தியம்மா சொன்னார். அக்கா என் படுக்கையை அவருக்குக் கொடுத்தாள். மேகம் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடியது. சம்பந்தியம்மாவுக்குத் தாகமெடுக்கும் என்று அத்தான் என் பங்குத் தண்ணீரைச் செம்பில் ஊற்றி, சிந்தாமல் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் வைத்தார்.