நீல அங்கியில் ஷஹாத்தா

1

இந்தக் கதையை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பக்கத்து வீட்டு ஷஹாத்தாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

'பனி படர்ந்த நைல் கரையில் ஓர் எருமை' என்று தொடங்கினேன். (அடித்துவிட்டேன். எங்கள் வாய்க்காலில் பனியாவது ஒன்றாவது.) நேராகவே சொல்கிறேன். ஷஹாத்தாவின் எருமைக்கு வலி கண்டுவிட்டது. கன்றின் ஒரு முன்னங்கால்தான் வெளியே தெரிந்தது, மற்றது உள்ளே மடங்கிக் கிடந்தது. கன்றைச் சற்று உள்ளே தள்ளினால்தான் அதை நிமிர்த்த முடியும். எருமையோ மிரண்டுபோய் ஆளை அண்டவிடவில்லை.

2

அது இத்திதாலின் கைக்குப் பழகியது. ஷஹாத்தாவின் மனைவி இத்திதால், நாத்தனார் முன்னால் அவன் திட்டியதால் கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"போய்க் கூப்பிடுடா," என்றேன்.

"எரும செத்தாலும் கூப்பிட மாட்டேண்ணே."

(இங்கே அவன் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். கலங்கவில்லை.)

ஆனால் எருமை மறுபடி கத்தியதும் வீட்டுக்குள் ஓடினான். மனைவியின் நீல அங்கியை மாட்டி, அவள் முக்காட்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தான். பெண்கள் இல்லாத நாளில் பால் கறக்க எங்கள் ஊர் ஆண்கள் செய்வதுதான், கதவைச் சாத்திக்கொண்டு.

எருமை துணியை முகர்ந்து நின்றது. நான் அதன் கழுத்தைத் தடவினேன். அவன் சோப்புத் தண்ணீரில் நனைத்த கையை உள்ளே விட்டான்.

"அடங்குடி," என்றான். குரல் கேட்டதும் அது உதறியது.

"வாயத் தொறக்காதடா, கெடுத்துருவ."

3

இந்த இடத்தில் கதவு திறக்கிறது. மீதித் துணிகளை எடுத்துப்போக ஒரு சாக்குடன் வந்த இத்திதால், தன் அங்கிக்குள் கணவனைப் பார்த்தாள். அவள் சிரிப்பதாக ஒன்று, திட்டுவதாக ஒன்று எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் எருமை துள்ளி, கன்றின் குளம்பு கருப்பையைக் கிழித்தது. பயந்துபோய் இரண்டையும் அடித்தேன்.

நடந்தது வேறு. அவள் ஓசையில்லாமல் அவன் முதுகை ஒட்டி வந்து நின்று, கறக்கும்போது பேசும் குரலில் பேசினாள்.

"வா என் கண்ணு. ஒண்ணுமில்ல. நான்தான் இருக்கேன்ல."

எருமை மூச்சு விட்டது. (ஷஹாத்தாவும்.)

"இப்ப முக்குது, பொறு," என்றாள் அவனிடம், அதே குரலில். "விட்டுருச்சு, தள்ளு. குளம்ப உள்ளங்கையில மூடிட்டு இழு."

கால் நிமிர்ந்தது. கன்று விழுந்த சத்தம் எப்படியென்றால்,

அது மூச்சுவிடவில்லை. இத்திதால் சாக்கை எடுத்து அதன் மூக்கைத் துடைத்தாள், நெஞ்சைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். கன்று தும்மியது.

4

அன்று அவள் போனாளா, இருந்தாளா? அதை மட்டும் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது என்று இத்திதால் சத்தியம் வாங்கிவிட்டாள். கணவனைவிடக் கெட்டிக்காரி.

சாக்கு மட்டும் தொப்பலாக நனைந்து வாசலில் கிடந்தது. அதில் யாராவது துணி கட்டுவார்களா, நீங்களே சொல்லுங்கள்.