நாக்கை நீட்டு பாப்பா

தன் மகளின் புதுச் சட்டைக்குக் கழுத்தளவு எடுக்கும்போதுதான் தையற்காரியின் விரலில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது. தொண்டையின் நடுவில், கோலிக்குண்டு அளவு. நான்கு நாளாக அவள் தையல் மெஷினைத் தொடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "நாக்க நல்லா வெளிய நீட்டு பாப்பா" என்றார்.

ஆறு வயசுக்காரி தாயைத் திரும்பிப் பார்த்தாள். "நீட்டினா அம்மா வாயிலயே போடுவாங்க."

"இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நீட்டு!"

கிடைத்த வாய்ப்பை விடுவாளா? முழு நாக்கையும் நீட்டினாள். கட்டி சட்டென்று மேலே ஏறியது!

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, நாக்கோட சேந்து ஏறுது! பொறக்கறதுக்கு முன்னாடியே மூடியிருக்க வேண்டிய சின்னக் குழாய் ஒண்ணு மூடாம நின்னுருக்கு. அதுல நீர் சேந்திருக்கும். எதுக்கும் ஸ்கேன் பாத்துடலாம்."

ஸ்கேனும் அதையே சொன்னது. சின்ன ஆபரேஷன் போதுமாம்.

தையற்காரி வராந்தாவுக்கு ஓடிவந்து கணவனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, வெறும் நீர்க்கட்டிதாங்க! பயப்பட ஒண்ணுமே இல்லையாம்!"

அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அதட்ட வந்த நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடியே போய்விட்டாள்.