பத்து எழுத்துச் சீட்டு

பதுளை பசறை வீதியில் ஸஹாப்தீன் முதலாளியின் புடவைக் கடையில் ஒவ்வொரு துணிக்கட்டிலும் ஒரு சீட்டுத் தொங்கும். மேலே இலக்கத்தில் விற்கிற விலை. கீழே எழுத்தில் வாங்கின விலை. ‘பசறைவீதி கடை நமது’ என்ற பத்து எழுத்தில் முதல் எழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு, கடைசி எழுத்து பூச்சியம். பேரம் பேசுகிறவர்களிடம் எதுவரை இறங்கலாம் என்று சீட்டைப் பார்த்தே முடிவெடுத்துவிடலாம். அந்தச் சொல் முதலாளிக்கும், சீட்டு எழுதி வியாபாரமும் பார்க்கிற பலீலுக்கும் மட்டும்தான் தெரியும் என்று முதலாளி நிம்மதியாக இருந்தார், பாவம்.

அவருடைய மனைவி ஹம்ஸியாவுக்கும் தெரியும். அவள் களவாடிப் படிக்கவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் கடைக்குப் போவதில்லை. பெருநாள் நெருங்கினால் துணிக்கட்டுகள்தான் வீடு தேடி வரும், சீட்டோடு. அதே முதலாளி சோற்றுக்கு உட்கார்ந்தால், “சீத்தை கஜம் மூணு அறுவத்தஞ்சுக்குத் தாரான், கொள்ளக்காரன்” என்று கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரிகளை வாய் ஓயாமல் ஏசுவார். பிறகு ஹம்ஸியா அந்தச் சீத்தைத் துணிக் கட்டைப் புரட்டினால் சீட்டில் ‘றைகதி’ என்று இருக்கும். இரண்டு பெருநாளில் பத்து எழுத்தும் அவளுக்குப் பாடமாகிவிட்டது. பகல் பொழுது நீளமல்லவா.

துணி தெரிவு செய்ய வந்த பக்கத்து வீட்டு லரீபாவுக்கு அதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தாள். லரீபாவின் வாயில் எது தங்கியது? அவள் வீட்டுக்கு மரக்கறி கொண்டுவருகிற ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ரெங்கம்மா வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

தீபாவளிக்குச் சீத்தை எடுக்க வந்த ரெங்கம்மா, கடை நிறையச் சனம் நிற்கும்போது பலீலிடம் சாதுவாகக் கேட்டாள்: “மூணு எம்பதுன்னு போட்டுக் குடுங்க நானா. அதுல உங்களுக்குப் பதினஞ்சு சதம் லாபம் நிக்குதுங்களே.”

காசு மேசையில் இருந்த முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. தோட்டத்துச் சனத்தோடு சிரித்துப் பேசி வியாபாரம் செய்கிறவன் பலீல். அவனைத் தவிர யார் சொல்லியிருப்பார்கள்? அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். “நான் செல்லல்ல முதலாளி” என்றான் பலீல். பதுளையிலும் பண்டாரவளையிலும் எல்லாப் புடவைக் கடைக்கும் இப்படி ஒரு சொல் உண்டு. சொல்லை வெளியே விட்டவனை எந்தக் கடையில் ஏற்றுவார்கள்?

பலீலின் மனைவி ஸைனப் முதலாளி வீட்டுக் குசினிப் பக்கமாக வந்தாள்.

“ராத்தா, நீங்க முதலாளிட்ட ஒரு வார்த்த செல்லுங்க. எங்கட அவர் பள்ளிவாசலுக்குப் போறதையும் விட்டுட்டார். ஆக்கள்ட முகத்தப் பாக்க ஏலாதாம்.”

ஹம்ஸியா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பயம் வரும், அழுகையாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நிற்கிற மாதிரி இருந்தது. ஸைனப் போன பிறகு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த ஸஹாப்தீன் புதுச் சொல் ஒன்றை யோசித்துக்கொண்டு சாய்கதிரையில் கிடந்தார்.

“பலீல் இல்ல. நான்தான் லரீபாக்குச் சொன்ன” என்றாள் ஹம்ஸியா.

அவர் சிரித்தார். “நீயா? கடைப்படி மிதிச்சீக்கியா நீ?”

சீட்டு மாற்றுவதற்காக வீட்டுக்கு வந்திருந்த கட்டுகளில் ஒன்றை எடுத்து, ‘வீசது’ என்று இருந்ததைப் பார்த்து, “நாலு இருவது” என்றாள். அடுத்ததையும் வாசித்தாள். மூன்றாவதை எடுக்கும்போது அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

“இது வேற ஆருக்கும் தெரியுமா, நீதான் சொன்னண்டு?”

“இல்ல.”

“அப்ப சரி. இனியும் தெரியப்படாது. ஸஹாப்தீன்ட பொண்டாட்டிட வாயால கடை ரகசியம் போச்சுண்டு ஊர் சிரிக்கும்.”

“பலீல்?”

“போனவன் போனவன்தான்.”

“அவர எந்தக் கடையிலயும் எடுக்கமாட்டாங்களே.”

“அது அவன்ட நஸீபு, தலையெழுத்து.”

பிரித்த கட்டுகளை அவள் திரும்ப அடுக்கினாள். அவர் வெற்றுச் சீட்டுக் கட்டை அவள் பக்கம் தள்ளினார்.

“ஒன்ட எழுத்தும் நல்லா ஈக்கி. வெளியாள் ஒருத்தனையும் இனி நம்ப ஏலா. நீயே எழுது.”

குனிந்து அவள் காதோடு புதுச் சொல்லைச் சொன்னார். மனது லேசாகி அப்படியே தூங்கியும்போனார்.

ஹம்ஸியா பேனையை எடுத்தாள். பின்னேரத்து அஸர் பாங்கு சொல்வதற்குள் பலீலின் வேலையில் பாதியை முடித்துவிட்டாள்.