நான் நிக்கேன்லா

...இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, எந்தப் பக்கம் புரண்டால்தான் என்ன, காலையில் ஒன்பது மணிக்கு டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் புஸ் புஸ் என்று அழுத்துவார், பாதரசம் நூற்று அறுபதைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்னும், ஸ்ரீவில்லிபுத்தூர் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலை வேறு எவனுக்காவது போய்விடும். இன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள் வீரணன், பிரஷர் இறங்கினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார், நல்ல தூக்கம் என்ன கடையிலா விற்கிறது? விழித்திருக்கிற வேலைக்குத் தூங்கிக் காட்ட வேண்டுமாம்... கூத்துதான். பெண்டாட்டி நாச்சியார் ஜாதிக்காய் உரசிப் பால் கொடுத்தாள், குடித்தாயிற்று. வாராத செல்வம் வந்தாலும் வடக்கே தலை வைக்காதே என்பார்கள், கட்டிலையே திருப்பிப் போட்டாயிற்று. நூற்றிலிருந்து கீழே எண்ணினேன், பதினேழு வரும்போது மில் சங்கு ஊதிக் கெடுத்தது, ராத்திரி ஷிப்ட்காரர்கள் உள்ளே போயிருப்பார்கள், அவர்களாவது சம்பளத்துக்கு விழித்திருக்கிறார்கள். வாசலில் நம் நாய், ராஜபாளையம் நாய் என்றால் ஊரே பயப்படும், இது நாலு காலையும் மேலே நீட்டிக் குறட்டை விடுகிறது, தின்கிற சோற்றுக்குத் துரோகம் இல்லையா? அப்புறம் யார் பார்ப்பது வீட்டை? அப்படி என்ன இருக்கிறது வீட்டில்... இரண்டு அண்டா, ஒரு டிரங்குப் பெட்டி. ஆனாலும் காது வாசலை விட்டு வர மாட்டேன் என்கிறது.

பட்டாளத்தில் பதினேழு வருடம், பூட்ஸைக் கழற்றாமல், பனியில், மூட்டை மேல், எங்கே சாய்ந்தாலும் கட்டை மாதிரித் தூங்கினேனே... இரண்டு மணி நேரம் நான் காவல், இரண்டு மணி நேரம் ஆலங்குளத்துப் பொன்னுராஜ். மாற்ற வருகிறவன் தோளைத் தட்டி ஒரே பேச்சுதான், "ஏலே, போய்ப் படு. நான் நிக்கேன்லா." அதைக் கேட்டு முடிப்பதற்குள்... அட. ஊருக்கு வந்து ஆறு மாதமாயிற்று, எவனும் அதைச் சொல்லவில்லையே. அதுதானா? நாச்சியாரை எழுப்பினால்... வெட்கமாக இருந்தது, இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு. எழுப்பிவிட்டேன். சொல்லியும் விட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "செத்த நேரம் பேசாம கண்ண மூடுங்க. நான் முழிச்சிருக்கேன்லா. பதினேழு வருசம் இந்த வீட்டுக்கு யாரு நின்னா?"

சுருக்கென்றது. பதில் யோசிப்பதற்குள் அவள் பக்கமிருந்து குறட்டை... உட்கார்ந்தபடியே போய்விட்டாள், நாயும் அவளும் போட்டி போடுகிறார்கள். நல்ல காவல். இப்போது ஒருத்தரும் நிற்கவில்லை, நான்தானே எழுந்திருக்க வேண்டும், ஏன் கையும் காலும் இப்படிக் கனக்கிறது... அப்படியென்றால் பொன்னுராஜும் அங்கே சொன்னதோடு சரிதானோ, பாவி, ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளம் பஸ் ஏறிப் போய்க் கேட்க வேண்டும்... வார்த்தை போதும் போல... இவளுக்கு யார் சொன்னார்கள், அந்தப் பதினேழு வருடத்தில், ஒரு ராத்திரியாவது, நீ படு, நான் நிக்கேன்லா என்று... நாளைக்கு நான்தான்... முதல் காவல் நான்...