மொழிபெயர்ப்பு: ஆய்வாளர்

முருகப்பனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலாய்ப் பள்ளியில் படித்தவர். ஆனால் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டதோ, இரண்டாம் உலகப் போருக்கு முன் பினாங்கில் நடந்த தமிழ் நாடகங்களைப் பற்றிய ஆய்வு. ஆதாரமெல்லாம் பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்கள். நூலகத்தில் படமெடுத்து வருவார். மனைவி உமா வாசித்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, முருகப்பன் தட்டச்சு செய்வார்.

உமாவுக்குக் கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் காப்புறுதி அலுவலக வேலை. பாலத்து நெரிசலில் கிடந்து வீடு வந்தாலும், அந்த விளம்பரங்களைப் பார்த்ததும் அவளுக்குக் களைப்பு போய்விடும்.

ஒருநாள் 'ஸ்திரீபார்ட்டுக்கு ஸ்திரீயே வருகிறாள்' என்ற வரியில் இருவரும் நின்றுவிட்டார்கள்.

"பொம்பள வேஷத்துல ஒரு பொம்பள நடிக்கிறா, அவ்வளவுதானே?" என்றார் முருகப்பன்.

"அவ்வளவு இல்லீங்க. அப்பல்லாம் ஆம்பளைங்கதான் பொம்பள வேஷம் கட்டுனாங்க. அந்த 'யே'லதான் விஷயமே இருக்கு. அதப் பாக்கத்தான் கூட்டம் வந்திருக்கும்."

மறுநாள் பஸ்ஸிலிருந்தே கைப்பேசியில் ஓர் ஆங்கில வாக்கியம் அனுப்பினாள். அதை அவர் அப்படியே சேர்த்துக்கொண்டார்.

ஆய்வேட்டை முடிக்கும்போது, மொழிபெயர்த்தவர் யார் என்று குறிப்பிட வேண்டியிருந்தது. தமிழ் படிக்கத் தெரியாதவன் தமிழ் நாடகத்தை ஆராய்ந்தானா என்று தேர்வாளர்கள் கேட்டுவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். 'மொழிபெயர்ப்பு: ஆய்வாளர்' என்று போட்டார். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார். மாற்றவில்லை.

வாய்மொழித் தேர்வில் தேறியதும், நெறியாளர் டாக்டர் ஹபீபா பீவியை பினாங்கு ஸ்ட்ரீட்டில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

"உமா, உங்க வீட்டுக்காரர் பிரமாதம்லா!" என்றார் ஹபீபா பீவி. "ஸ்திரீயேன்னு ஒரு வரி வருதே, எப்படி மொழிபெயர்த்தீங்கன்னு வெளித்தேர்வாளர் கேட்டாரு. அந்த ஒத்த எழுத்துலதான் விஷயமே இருக்குன்னு இவரு சொன்னாரு பாருங்க, ரூமே அமைதியாயிடுச்சு."

உமா கணவரைப் பார்த்தாள். அவர் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அப்படியா டாக்டர்?" என்று சிரித்தாள். பாயசம் வேண்டுமா என்று ஹபீபா பீவியைக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆய்வேட்டை எடுத்து நன்றியுரையைத் தேடினாள். 'பொறுமைக்கும் ஓயாமல் போட்டுத் தந்த தேநீருக்கும் என் மனைவி உமாவுக்கு' என்று இருந்தது.

"தேத்தண்ணிக்குப் பேரு போட்டிருக்கீங்க" என்றாள்.

"உமா, நாளைக்கே திருத்திடறேன்."

"டாக்டர் பேசுனப்ப வாயைத் தொறந்திருக்கலாம். நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

மறுவாரம் முருகப்பன் ஹபீபா பீவியின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னார்.

"மனைவி மொழிபெயர்த்தாங்கன்னு போட்டிருந்தா ஒருத்தரும் உங்கள மட்டமா நெனச்சிருக்க மாட்டாங்க. இப்ப நான் நெனைக்கிறேன்" என்றார் ஹபீபா பீவி.

பல்கலைக்கழகத்திலிருந்து எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது, பட்டம் தப்பியது. எல்லா மொழிபெயர்ப்புகளும் உமாவுடையவை என்று திருத்தப் பக்கம் சேர்ந்தது. அதை அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டினார். உமா வாசித்துவிட்டு, "சரி" என்று திருப்பிக் கொடுத்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பார்.

அடுத்த கட்டுரைக்கு அவர் புது விளம்பரங்களைக் கொண்டுவந்தபோது, "உன் பேரும் சேர்த்து, ரெண்டு பேரும் எழுதலாமா?" என்று கேட்டார்.

"வேணாங்க. முன்னாடி அதுல பேரு வரும்னு நெனச்சு நான் படிக்கல. இப்ப பேரத் தவிர வேற எதுவும் தோணாது."

தனேஷ் என்ற தமிழாசிரியரிடம் சனிக்கிழமைகளில் எழுத்துப் படிக்கப் போகத் தொடங்கினார் முருகப்பன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விளம்பரங்களை எழுத்துக் கூட்டிப் படிப்பார். 'சபா' என்பதை 'சாப' என்று வாசித்துவிட்டு அங்கேயே விழிப்பார். கூடத்தில் துணி மடிக்கும் உமாவுக்கு அது நன்றாகவே கேட்கும். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விடுவாள்.