கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை முதலில் சொன்ன ஆள் யாரென்று தெரிந்தால், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரி அவன் வீட்டு வாசலில் போய் நின்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆடியவளைக் கேலி செய்தாயே, ஒரு தடவையாவது போய் அந்தக் கூடத்தைப் பார்த்தாயா என்று.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமும் அதே பழமொழிதான். கோல்ஃப் கிளப் வராந்தாவில் ஆட்டம் முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னது ஒரே ஒரு விஷயம். "இந்த மட்டையில ஏதோ கோளாறு இருக்குன்னு தோணுது. எப்படி அடிச்சாலும் பந்து இடது பக்கமே போகுது." சொல்லி வாயை மூடவில்லை, அவள் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பழமொழியை எடுத்து விட்டார். மேஜையே சிரித்தது. போன வாரமும் இதே சிரிப்பு, அதற்கு முந்தின வாரமும் இதே சிரிப்பு. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

கிளப்பில் அவருக்கு வர்ணனை என்று பட்டப்பெயர். யார் அடித்தாலும் சரி, பந்து தரையைத் தொடுவதற்குள் அது எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்று சொல்லி முடித்துவிடுவார். மருந்துக் கம்பெனியில் விற்பனை மேலாளர். வாயை வைத்துப் பிழைக்கிற உத்தியோகம், லீவு நாளில் மட்டும் அது சும்மா இருக்குமா?

மட்டைகளின் கதையைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். சில வருஷங்களுக்கு முன்னால் வர்ணனை தனக்கென்று உடம்பு அளவெடுத்து, வீச்சைக் கருவியில் பார்த்து, ஒரு புது செட் மட்டை வாங்கிக்கொண்டார். பழைய செட்டை என்ன செய்வது? நல்ல மட்டை, தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒரு பட்டறையில் கொடுத்துத் தண்டுகளை வெட்டிக் குட்டையாக்கி, மேலே அதே தடித்த ரப்பர் பிடியை மாட்டி, "இந்தா, உனக்கு" என்று பெண்டாட்டியிடம் நீட்டினார். அவர் ஆறடி. அவள் அவர் தோளுக்குக் கீழே. ஆம்பிளை கால்சட்டையைக் கீழே கத்தரித்துவிட்டால் அது பாவாடை ஆகிவிடுமா?

அவளும் கேட்டுப் பார்த்தாள். "எனக்கும் ஒரு தடவை அளவெடுக்கலாங்களா?"

"முதல்ல ஆட்டம் நிலைக்கு வரட்டும். உன் வீச்சு இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. அதுல எதை அளக்கறது? நாமெல்லாம் பொழுதுபோக்குக்கு ஆடறவங்க. அளவெடுத்த மட்டையெல்லாம் ஆடத் தெரிஞ்சவங்களுக்கு."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். அவரும் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்தானே என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நினைத்து இப்போதும் அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வரும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நடந்தது சிரிப்போடு போகவில்லை. பக்கத்து கிளப்போடு பெண்கள் போட்டி வரப்போகிறது. அணியில் நான்கு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள், நாலாவது இடத்துக்குக் கண்ணாடிக்காரியை எடுப்பதா வேண்டாமா என்று அணித்தலைவி வக்கீலம்மா யோசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரி அந்த இடத்துக்காக விடிகாலையில் எழுந்து பயிற்சி செய்தவள். கடை, வீடு, மாமியாரின் மருந்து மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் நடுவே அவளுக்கென்று அவள் ஆசைப்பட்ட ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

வக்கீலம்மா கேட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க கூட ஒரு ரவுண்டு வர்றேன். பார்த்துட்டு முடிவு பண்ணலாமா?"

அதற்குப் பதில் சொன்னது அவள் அல்ல. "அவளை விட்டுடுங்க வக்கீலம்மா. தோத்துட்டு வந்து வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா, அப்புறம் எனக்குத்தான் கஷ்டம்" என்றார் வர்ணனை.

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் வர்றேன்" என்று வக்கீலம்மாவிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வர்ணனைக்கு அளவெடுத்த அதே மட்டைக்காரரின் கூடத்துக்குப் போனாள். நீளமான அறை. ஒரு கோடியில் வலை, இன்னொரு கோடியில் பட்டறை மேஜை, அதில் இடுக்கிகளும் ரப்பர் பிடிகளும். மட்டைக்காரர் அவள் மட்டை ஒன்றின் அடிப்பாகத்தில் ஒரு பட்டை ஒட்டினார். தரையில் ஒரு கடினமான பலகையைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார். அடித்தாள். மட்டையைத் திருப்பிக் காட்டினார். பட்டையில் பலகை உரசிய தழும்பு நடுவில் இல்லை. தண்டு சேருகிற குதிகால் பக்கம் ஓரத்தில் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. இன்னொரு தடவை அடித்தாள். அதே இடம். மறுபடியும் அதே இடம்.

"மட்டையோட குதிகால் தரையில இடிக்குது, நுனி ஆகாசத்தைப் பார்க்குது" என்றார் மட்டைக்காரர். "உயரமானவருக்கு வளைச்ச கோணம். தண்டை வெட்டினாங்க, கோணத்தை மாத்தலை. இதுல பந்து இடது பக்கம்தான் போகும்."

"என் வீச்சு தினம் ஒரு மாதிரின்னு சொல்றாங்களே."

"தினம் ஒரு மாதிரி இருந்தா பந்து தினம் ஒரு பக்கம் போகணும் மேடம். ஒரே பக்கம் போகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இவ்வளவு சின்ன விஷயம். வராந்தாவில் சிரித்த அத்தனை பேருக்கும் தோன்றவில்லை, அவளுக்கே தோன்றவில்லையே. பகல் பூராவும் ஆஸ்பத்திரி எதிரே கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணுக்கு அளவு பார்க்கிறவள் அவள். புருஷன் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு எழுத்து தெரியவில்லை என்று வருகிற பெண்களை அவள் எத்தனை தடவை கடிந்துகொண்டிருப்பாள்.

"அப்ப தப்பு என்மேல இல்லையா?" என்று கேட்டாள்.

"பாதி உங்க மேலதான். நீங்க அவசரப்படறீங்க, தலையைத் தூக்கறீங்க. அதை நான் சரி பண்ண முடியாது, மட்டையும் சரி பண்ணாது. அளவெடுத்தா எல்லாம் மாறிடும்னு சொல்றவன் பொய் சொல்றான். மீதிப் பாதி இந்தக் கோணல். அதை நிமிர்த்தித் தர்றேன். புதுசு ஒண்ணும் வாங்க வேண்டாம்."

இரும்பு மட்டைகளை ஒவ்வொன்றாக இடுக்கியில் பூட்டி, நீளமான கம்பியைக் கொடுத்து நெம்பி வளைத்தார். தடித்த பிடிகளை அறுத்துப் போட்டு மெல்லிசானதை மாட்டினார். வேலை செய்துகொண்டே, "உங்க வீட்டுக்காரர் எப்படி அடிக்கிறார் இப்ப?" என்று விசாரித்தார்.

"பந்து வலது பக்கம் போகுதுன்னு புல்லைத் திட்டுவார், காத்தைத் திட்டுவார். ஏன்?"

மட்டைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "இங்க வந்தா எல்லாரும் பீமன் ஆயிடறாங்க மேடம். மரம் வெட்டற மாதிரி வீசினார். வழக்கமா அடிக்கிற மாதிரி அடிங்கன்னு சொல்லிப் பார்த்தேன். இதுதான் என் வழக்கம்னார். அந்த வீச்சுக்கு ஏத்த மாதிரி விறைப்பான தண்டு போட்டுக் கொடுத்தேன். வெளிய அந்த மாதிரி வீசறாரா? மெல்ல வீசினா அந்தத் தண்டுல பந்து வலது பக்கம்தான் போகும்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவள் கடையிலும் இப்படி ஆட்கள் உண்டு. முன்னால் போனவர் படிக்கிறதைக் கேட்டு எழுத்துக்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கண்ணாடி சரியில்லை என்று சண்டைக்கு வருவார்கள். அளவெடுக்கிற இடத்தில் வந்து வேஷம் கட்டியவருக்கு அளவெடுத்த மட்டை. உள்ளது உள்ளபடி நின்றவளுக்கு வெட்டுப்பட்ட மட்டை. இது என்ன நியாயம்? தழும்பு விழுந்த பட்டையை உரித்துக் கைப்பைக்குள் ஒட்டிக்கொண்டாள். அன்று ராத்திரி மட்டையை நிமிர்த்திய கதையை மட்டும் வீட்டில் சொன்னாள்; தண்டச் செலவு என்றார் வர்ணனை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள், வர்ணனை, வக்கீலம்மா மூன்று பேர். முதல் குழி கிட்டத்திலேயே இருந்தது, இரும்பு மட்டையே போதும். அவள் மூச்சை இழுத்துவிட்டு அடித்தாள். மட்டை பந்தைத் தொட்ட விதமே வேறு. கையில் அதிர்ச்சி இல்லை, சத்தம் சுத்தமாக இருந்தது. பந்து நேராகப் பறந்து, நேராக வலது பக்கத்து மரங்களுக்குள் போய் விழுந்தது.

"ஆகா" என்றார் வர்ணனை. "இத்தனை நாள் இடது, இப்ப வலது. கூடத்தை நிமிர்த்தினா இப்படித்தான். தண்டச் செலவுன்னு நான் அப்பவே சொல்லலை?"

இரண்டாவது குழியிலும் மரம்தான். வக்கீலம்மா அட்டையில் அவள் கணக்கைக் குறித்துக்கொண்டார். ஒருவேளை எல்லாரும் சொன்னதே சரியோ, முழுத் தப்பும் தன்னுடையதேயோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள். நாலாவது இடம் கண்ணெதிரே நழுவிப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது குழியில் நின்றாள். அடிக்கவில்லை. கடையில் பார்வை சரியில்லை என்று யாராவது வந்தால் அவள் முதலில் பார்ப்பது கண்ணை அல்ல, அவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை. மட்டையைத் தன் கால்விரல்களை ஒட்டித் தரையில் படுக்க வைத்தாள். பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

மட்டை குழியில் நட்ட கொடியைக் காட்டவில்லை. வலது பக்கத்து மரங்களைக் காட்டியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பந்து இடது பக்கம் ஓடும், ஓடும் என்று பயந்து பயந்து, வருஷக்கணக்காக வலது பக்கம் பார்த்து நின்று பழகிவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை, உடம்பாகவே கற்றுக்கொண்ட கோணல் அது. வலைக்குள் அடித்ததால் மட்டைக்காரர் கண்ணிலும் படவில்லை. அந்த மட்டை பந்தை மட்டும் கோணலாக அனுப்பவில்லை, அவளையே கோணலாக நிற்க வைத்துவிட்டது. நேராக நிற்கக்கூட விடவில்லையே பாவிகளா என்று அவளுக்குக் கண் கலங்கியது, கோபத்தில்.

"என்ன, நிலத்தை அளக்கறியா?" என்றார் வர்ணனை.

"ஆமாங்க" என்றாள்.

கொடியைப் பார்த்துக் காலை மாற்றி வைத்தாள். இடது பக்கத்துக் குளத்தைப் பார்த்து நிற்பது போலவே இருந்தது. உடம்பு மாட்டேன் மாட்டேன் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். பந்து நேராகப் போய்க் கொடிக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்து உருண்டு நின்றது.

"குருட்டுப் பூனை விட்டத்துல தாவின மாதிரி" என்றார் வர்ணனை.

அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் நன்றாக அடித்தாள் என்று சொன்னால் அது புளுகு. ஒன்றைத் தரையோடு உருட்டினாள். ஒன்றை மணல் குழிக்குள் தள்ளினாள். அவளுடைய பாதித் தப்பு அவளோடுதான் இருந்தது. ஆனால் ஒரு பந்துகூட இடது பக்கம் ஓடவில்லை. வர்ணனையின் பந்துகள்தான் ஒவ்வொன்றாக வலது பக்கத்து மரங்களைத் தேடிப் போயின. குழிக்குக் குழி அவருடைய வர்ணனை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் நின்றே போனது.

வராந்தாவில் உட்கார்ந்ததும் வக்கீலம்மா முதல் காரியமாக, "வியாழக்கிழமை அணிப் பயிற்சி. நேரத்துக்கு வந்துடுங்க" என்றார் அவளிடம். அவள் தலையை ஆட்டினாள்.

வர்ணனை தன் மட்டை ஒன்றை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மட்டையில ஏதோ கோளாறு இருக்கு" என்றார்.

வக்கீலம்மாதான் ஆரம்பித்தார். "ஆடத் தெரியாதவன்..." முடிப்பதற்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வர்ணனையின் முகம் தொங்கிப் போயிற்று.

கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் சிரிப்பு அடங்கிவிட்டது. "நிஜமாவே அவர் மட்டையில கோளாறு இருக்கு. தண்டு ரொம்ப விறைப்பு. நாளைக்கு அதே கடைக்குப் போங்க. இந்தத் தடவை யாரும் பார்க்காத மாதிரி அடிங்க."

அவர் நிமிர்ந்தார். நியாயமாகவே மனசு நொந்திருந்தது அவருக்கு. "இது உனக்கு முன்னாடியே தெரியுமா? மட்டையில கோளாறுன்னு ஏன் நீ ஒரு வார்த்தை சொல்லலை?"

அவள் கைப்பையைத் திறந்தாள். ஓரத்தில் தழும்பு விழுந்த பட்டையை உரித்து, அவருடைய டீக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"சொன்னேனே" என்றாள். "நான் சொல்லாத வாரம் உண்டாங்க?"